கருகினால் வேகாது: ஊசி வழியே கட்டியைச் சுடும் சிகிச்சை

பணியாரம் சுட்டவர்களுக்குத் தெரியும். தீயைக் கூட்டி வைத்தால் அடி கருகிவிடும், குத்திப் பார்த்தால் உள்ளே மாவு மாவாகவே இருக்கும். கல்லீரல் புற்றுநோய்க் கட்டியை ஊசி வழியே சூடேற்றி அழிக்கும் மருத்துவருக்கும் இதே கவலைதான். சிகிச்சையின் பெயர் ரேடியோ ஃப்ரீக்வன்சி அப்லேஷன், சுருக்கமாக ஆர்.எஃப்.ஏ. கல்லீரல் சுருங்கிப்போய் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வயிற்றைத் திறப்பதில்லை. அல்ட்ராசவுண்டிலோ சி.டி. ஸ்கேனிலோ பார்த்தபடியே, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நீள ஊசியைத் தோல் வழியாகச் செலுத்திக் கட்டிக்குள் நிறுத்துகிறார்கள். நுனியைத் தவிர ஊசி முழுக்கக் காப்புறை. நோயாளியின் தொடைகளில் அகலமான ஒட்டுப் பட்டைகள். ஊசிக்கும் பட்டைக்கும் நடுவே உடம்புதான் ஒயர்.

சரி, ஷாக் அடிக்காதா? வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது, தசையும் நரம்பும் அதற்கேற்பத் துடித்துப்போகின்றன. இங்கே ஓடுவதோ நொடிக்கு 5 லட்சம் முறை வரை அலையும் மின்சாரம். நரம்பு சுதாரிப்பதற்குள் திசை மாறிவிடுகிறது. இத்தகைய அதிவேக மின்சாரத்துக்குத் தசை துடிப்பதில்லை என்று பிரெஞ்சு அறிவியலாளர் தார்சொன்வால் 1891-லேயே காட்டிவிட்டார். அதைத் தோல் வழியாகக் கல்லீரலுக்குக் கொண்டுபோகலாம் என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே ஆய்வாளர்கள் எழுதியது 1990-ல்தான்.

ஊசியே பழுக்கக் காய்ந்து சுடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நுனியைச் சுற்றியுள்ள திசுவின் உப்பு அயனிகள் மின்சாரத்தோடு முன்னும் பின்னுமாக ஆடி உரசுகின்றன, அந்த உரசலில் திசு தானே சூடாகிறது. தொடைப் பட்டையிலும் அதே மின்சாரம்தான் வெளியேறுகிறது. ஆனால் அகலத்தில் பரவிவிடுவதால் சூடு தெரிவதில்லை. பட்டை பாதி உரிந்திருந்தால் போச்சு, அங்கே தோல் வெந்துவிடும்.

60 டிகிரியைத் தாண்டினால் செல்லின் புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி உடனே உறைகிறது. 100 டிகிரியை எட்டினால் சிக்கல். தண்ணீர் ஆவியாகி, திசு கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தாது. நுனியைச் சுற்றி ஒரு கருகல் ஓடு, அதற்கு வெளியே உயிரோடு புற்றுச் செல்கள்: நம் பணியாரம்தான். அதனால் பல ஊசிகளின் உள்ளே குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். சுடுகிற ஊசிக்குள் பச்சைத் தண்ணீர்! நுனி கருகாமல் இருந்தால்தான் சூடு தூரம் போகும்.

இன்னொரு எதிரி ரத்தம். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த ரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால், 37 டிகிரி ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், அந்த ஓரம் சரியாக வேகாது. இந்த இடத்தில் மைக்ரோவேவ் ஊசிக்குக் கொஞ்சம் மவுசு அதிகம். சமையலறை அடுப்பின் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தும் கருவிகளும் உண்டு. கருகிய திசுவையும் அது ஊடுருவும், தொடைப் பட்டையும் வேண்டாம்.

குடல் மிக அருகில் இருந்தால் நடுவே குளுக்கோஸ் நீரை ஏற்றி விலக்கிவைப்பார்கள். சலைன் ஏற்றினால் வினை, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்.

கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நல்ல திசுவையும் சேர்த்தே வேகவைக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் கட்டிக்கு 5 சென்டிமீட்டர் உருண்டை என்றால், கன அளவு நாலரை மடங்குக்கு மேல். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே பிடித்தால் நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

முடிந்ததும் ஊசியை மின்சாரத்தோடே மெல்ல உருவுகிறார்கள். ரத்தம் கசியாமலும், வழியில் செல்கள் சிந்தாமலும் இருக்க, போன தடமே சுடப்படுகிறது. அப்புறம் எடுக்கும் ஸ்கேனில் வெந்த இடம் பழைய கட்டியைவிடப் பெரிய கறுப்பு வட்டமாகத் தெரியும், வீட்டார் பதறிப்போவார்கள். மருத்துவர் அளவைப் பார்ப்பதைவிட, ஏற்றிய சாய மருந்து அந்த வட்டத்தின் ஓரத்தில் எங்காவது பளிச்சிடுகிறதா, அதாவது வேகாத புற்று மிச்சம் இருக்கிறதா என்றுதான் தேடுவார்.