முதல் வசனத்தில் என்ன இருக்க வேண்டும்? மலையக மாணவ நிருபர்களுக்கு

அட்டனில் மாணவ நிருபர்களுக்குப் பயிற்சியளிக்கும்போது நான் முதலில் கொடுப்பது குளவிக்கொட்டுச் செய்திதான். தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த 12 பெண்கள் குளவிக்கொட்டுக்கு இலக்கானார்கள், அவர்களில் ஒருவர் உயிரிழந்தார், ஏனையோர் வைத்தியசாலையில் இருக்கிறார்கள் என்று கற்பனைத் தகவல்களைப் பலகையில் எழுதிவிட்டு, செய்தியாக்கச் சொல்வேன். பெரும்பாலான தாள்கள் "இன்று காலை வழமைபோல் பெரட்டுக்குச் சென்ற தொழிலாளர்கள்" என்றே, அதாவது காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்திலிருந்தே, தொடங்கும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது கதை சொல்பவருக்கு இயல்பு. ஆனால், தாயைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞன் தொலைபேசியில் அச்செய்தியைத் திறக்கும்போது தேடுவது பெரட்டை அல்ல. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாருக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான்.

அவன் தேடுவதை மேலே வைத்து, விவரங்களை அதன் கீழும் பின்னணியை அடியிலும் அடுக்குவதையே தலைகீழ்ப் பிரமிட் முறை என்கிறோம். பக்கத்தில் இடம் போதாதபோது செய்தியைக் கீழிருந்து வெட்டுவது பத்திரிகைகளின் நெடுநாள் வழக்கம் என்பதால், உயிரிழப்பைக் கடைசிப் பந்தியில் வைத்த நிருபரின் செய்தி உயிரிழப்பு இல்லாமலே அச்சேறிவிடக்கூடும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி ஆகிய ஆறு வினாக்களுக்கும் செய்தியில் பதில் வேண்டும். ஆறையும் முதல் வசனத்திலேயே திணிக்க வேண்டியதில்லை.

இங்கே தமிழில் எழுதுவோருக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமது மொழியில் வினைமுற்று வசனத்தின் இறுதியில்தான் வருகிறது. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, தோட்டம், டிவிஷன், நேரம், கூடு கலைந்த விதம் என எச்சங்களாகவே நீட்டிக்கொண்டு போனால், என்ன நடந்தது என்பதை அறிய வாசகர் வசனத்தின் வால்வரை காத்திருக்க நேரிடும். பந்தியைத் தலைகீழாக நிறுத்தியவர்கள் வசனத்தைப் புரட்ட மறந்துவிட்டார்கள் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தோட்டத்தின் பெயரைப் போட்டு, "குளவிக்கொட்டுக்கு இலக்கான பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்" என்று முதல் வசனத்தை முடித்துவிடுங்கள். சிகிச்சை பெறும் 11 பேர் இரண்டாவது வசனத்தில் வரட்டும். கூடு எந்த மரத்தில் இருந்தது என்பது அதற்கும் பிறகு.

திறப்பு விழாச் செய்திகளிலும் இதே கோளாறுதான். பொன்னாடை போர்த்தப்பட்டவர்களின் பட்டியல் முடிந்த பின்னரே புதிய வகுப்பறை தலைகாட்டும்.

அடுத்தது, "தெரிவிக்கப்படுகின்றது" என்ற சொல். தெரிவித்தவர் யார் என்று கேட்டால் எழுதியவரிடமே பதில் இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுள் புதைந்தபோது, காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்றே முதலில் செய்திகள் பரவின. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அனர்த்தத்தின் முதல் மணித்தியாலங்களில் எண்கள் மாறுவது தவிர்க்க முடியாதது என்பதால், ஒவ்வோர் எண்ணுடனும் அதைச் சொன்ன அதிகாரியின் பதவியையும் சொன்ன நேரத்தையும் சேர்த்து எழுதும்படி நான் வற்புறுத்துகிறேன். மறுநாள் எண் மாறினாலும் நேற்றைய வசனம் பொய்யாகிவிடாது.

மண்சரிவு எச்சரிக்கைகளை எழுதும்போது வரிசை இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று மட்டங்களில் எச்சரிக்கை விடுக்கிறது. மூன்றாவது மட்டம் வெளியேறச் சொல்வது. ஆயினும் நம் மாணவர்களின் முதல் வசனம் நிறுவனத்தின் முழுப் பெயரிலும் மழைவீழ்ச்சியின் அளவிலுமே தீர்ந்துவிடுகிறது. நிறுவனத்தின் பெயர் இரண்டாவது வசனத்தில் வந்தால் போதும். லயத்துக்குப் பின்னால் மண்மேடு நிற்கும் ஒருவருக்கு முதல் வசனத்தில் வேண்டியது, தன் பிரதேச செயலகப் பிரிவு எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்றிரவே வெளியேற வேண்டுமா என்பதுதான்.