காலிகாரியை எந்தப் பிரதியில் பார்ப்பது?

ராபர்ட் வீனே இயக்கிய ‘டாக்டர் காலிகாரி’ என்ற ஜெர்மன் மௌனத் திகில் படம் 1920 பிப்ரவரி 26 அன்று பெர்லினில் வெளியானது. இணையத்தில் அதற்கு இன்று ஏகப்பட்ட இலவசப் பிரதிகள். அவற்றில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கோளாறு படத்தில் இல்லை, பிரதியில்தான்.

இந்தப் படத்தில் வெளிச்சமே தூரிகையால் தீட்டப்பட்டது. செட் வடிவமைத்த ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் மூவரும் சாய்ந்த கூரைகளையும் கோணல் ஜன்னல்களையும் மட்டும் வரையவில்லை. சுவரில் விழும் ஒளிக்கீற்றையும் தரையில் கிடக்கும் நிழலையும்கூடப் பெயின்டில் தீட்டினார்கள். சிறை அறையில் கோடுகள் எல்லாம் சங்கிலியோடு குந்தியிருப்பவனை நோக்கியே பாய்கின்றன. காலிகாரி ஏவும், தூக்கத்தில் நடப்பவனான செஸாரேயாக வரும் கான்ராட் ஃபைட் சுவரை ஒட்டி நகரும்போது உடலும் கையும் அந்தச் சுவரின் கோடாகவே மாறிவிடுகின்றன. அடுத்து, கதைநாயகனின் நண்பன் ஆலன் கொலையாகும் காட்சி. அங்கே சுவரில் போராடுவது நிஜ நிழல். பெயின்ட் நிழல்களுக்குப் பழகிய கண்ணுக்கு, நிழல் அசைவதே திகில். நகலின் நகலாக எடுத்த பிரதியில் இரண்டுமே ஒரே கருப்பு. அந்தத் திகில் அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே பிரதியைச் சோதித்துவிட்டுப் பாருங்கள். முதலில் ஓடும் நேரம். நொடிக்கு 18 ஃப்ரேம் வேகத்தில் படம் சுமார் 77 நிமிடம் ஓடும். அதையே 24 ஃப்ரேமில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடிகர்கள் தடதடவென்று ஓடுவார்கள், செஸாரே கண் திறக்கும் அந்த மெதுவான நொடிகள் வீணாகும். ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் வேகம் கூடியிருக்கும், இல்லையேல் காட்சிகள் வெட்டுப்பட்டிருக்கும்.

அடுத்து படச் சட்டகம். படம் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. அகலத் திரைக்காக இழுத்தால் ஒடுங்கிய கதவெல்லாம் அகன்று, செட்டின் சாய்வு குலைந்துவிடும். மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். தரையில் வரைந்த கோடுகள் பலவற்றை அதோடு இழப்பீர்கள். டிவியில் ‘ஜூம்’, அசைவை வழவழப்பாக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு நிறம். கருப்பு வெள்ளைப் படம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். அக்காலத்தில் பாசிட்டிவ் பிரிண்டைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள்: இரவுக்கு நீலம், பகலுக்கும் விளக்கொளிக்கும் மஞ்சள் சாயல். சாயம் ஏறியது பிரிண்டில்தான், நெகட்டிவில் இல்லை. அதனால் கருப்பு வெள்ளை நகல் எடுத்தபோதெல்லாம் நிறம் போயிற்று. இயக்குநர் முர்னாவின் ரத்தக்காட்டேரிப் படம் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) இதில் இன்னும் பரிதாபம். பகலில் எடுத்த இரவுக் காட்சிகளுக்கு நீலம் ஒன்றே சாட்சி. அது இல்லாத பிரதியில், சூரியன் பட்டால் அழியும் ரத்தக்காட்டேரிப் பிரபு பட்டப்பகலில் நடமாடுகிறார்!

காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகளையும் கவனியுங்கள். மூலத்தில் அவையும் செட்டைப் போலவே கூர்முனை எழுத்தில் வரையப்பட்டவை. சாதாரண அச்செழுத்து இருந்தால், பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

நாங்கள் பரிந்துரைப்பது 2014இல், முர்னாவின் பெயரில் இயங்கும் ஜெர்மன் திரைப்பட அறக்கட்டளை செய்த மீட்பு. அசல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் எடுத்தார்கள். அதில் இல்லாத முதல் ரீலை வேறு பிரிண்டுகளிலிருந்து சேர்த்தார்கள். தூரிகைத் தடம்கூடத் தெரிகிறது.

முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறையும் பாருங்கள். கோணல் உலகம் முழுக்க, கதை சொல்லும் பைத்தியக்காரனின் பார்வை என்று பலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அது போதவில்லை. கதை முடிந்து ‘நிஜத்துக்கு’த் திரும்பும்போதும் மனநல விடுதி முற்றத்தின் தரையில் அதே கோடுகள்தான் விரிந்து கிடக்கின்றன.