கரண்ட் இல்லாம ராத்திரிக் குளிர்ல நாத்தைக் காப்பாத்துறது எப்படி?

சித்திரை மாசம் மதுரையில மொட்டை மாடியில பாய் விரிச்சுப் படுத்தவங்களுக்குத் தெரியும், ராத்திரி 11 மணிக்கும் தளம் முதுகைச் சுடும், நாலு குடம் தண்ணி ஊத்துனாத்தான் படுக்கவே முடியும். பகல் பூரா குடிச்ச வெயிலை கான்கிரீட் உள்ள வச்சுக்கிட்டு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா விடுது. நாம திட்டித் தீர்க்குற அந்தச் சூடுதான் கொடைக்கானல் மேல்மலையில எங்க சித்தப்பாவுக்கு வேணும்.

அவருக்கு மன்னவனூர் பக்கம் சின்னதா ஒரு பாலிஹவுஸ், அதாவது பாலித்தீன் ஷீட் போட்ட குடில் இருக்கு, 10 அடிக்கு 12 அடி, உள்ள குழித்தட்டுல தக்காளியும் குடமிளகாவும் நாத்து விட்டிருப்பாரு. அந்தக் காட்டுக்கு கரண்ட் லைன் கிடையாது. போன ஜனவரியில ஒருநா காலையில போய்ப் பார்த்தா ஓரத்துத் தட்டுல இருந்த நாத்தெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டு கிடக்கு. "ஏப்பா, நாலு பக்கமும் மூடித்தான வச்சிருந்தேன், அப்புறம் எப்படிக் கருகும்?"னு கேட்டாரு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவும் எழுதுறேன்.

ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறுறதுக்கும் சராசரியா 6.5 டிகிரி குறையும், கொடைக்கானல் 2100 மீட்டர், மதுரை 100 மீட்டர் சொச்சம், அதனால நம்மள விட அங்க 13 டிகிரி போல கம்மியா இருக்கும். ஆனா நாத்தைக் கொல்றது அது மட்டும் இல்ல. உறைபனி மேல இருந்து விழுறதுன்னு நினைக்கிறோம், அப்படிக் கிடையாது, இலையும் மண்ணும் தங்கிட்ட இருக்குற சூட்டை கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரா வானத்தைப் பார்த்து விட்டுக்கிட்டே இருக்கும், மேகம் இருந்தா அதுல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், மேகமே இல்லாம நட்சத்திரம் பளிச்சுன்னு தெரியுற ராத்திரியில திரும்பி வர்றது ரொம்பக் கம்மி. காத்தும் அசையலேன்னா சுத்தி உள்ள காத்து 2, 3 டிகிரியில இருக்கும்போதே இலை சுழியத்துக்குக் கீழ போயிரும்.

இதுல பாலித்தீன் ஷீட் ஒரு துரோகம் பண்ணுது. கண்ணாடி அந்த வெப்பக் கதிரைத் தடுக்கும், சாதா பாலித்தீன் பெரும்பகுதியை அப்படியே வெளிய விட்டுரும். சில ராத்திரி மூடுன குடிலுக்குள்ள வெளிய விடவே குளிர் ஜாஸ்தியா இருக்கும், நம்ப முடியாது ஆனா நிசம், வெளிய இருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான காத்து வந்து கலக்கவும் வழி இல்லாமப் போயிருதுல்ல. அதனாலதான் நாத்து மேல சின்னதா கம்பி வளைச்சு பழைய வேட்டியைப் போர்த்துறது அவ்வளவு உதவுது, துணி வானத்தை மறைக்குது.

சரி, சூட்டை எங்க சேர்த்து வைக்கிறது? தண்ணியிலதான். ஒரே அளவு இடத்துல கான்கிரீட்டை விட ரெண்டு மடங்கு சூட்டை தண்ணி பிடிச்சு வைக்கும். குடிலுக்குள்ள தண்ணி நிரப்பி வச்சு பகல் வெயில்ல சூடேறுன 200 லிட்டர் டிரம் ஒண்ணு ராத்திரியில 8 டிகிரி ஆறுனா கிட்டத்தட்ட 1.9 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான சூட்டை வெளிய விடும். இப்ப சித்தப்பா குடிலை எடுத்துக்கங்க, சுவரும் கூரையும் சேர்த்து 40 சதுர மீட்டர் ஷீட், வெளியவிட உள்ள 6 டிகிரி கூட வைக்கணும்னா ஒத்தை ஷீட்டுல 12 மணி நேரத்துக்கு 17 யூனிட் போல போகும். அஞ்சு டிரம் குடுக்குறது 9 சொச்சம்தான், பத்தாது. அப்ப டிரம்மைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைக்கணும்! உள்பக்கம் ரெண்டு விரக்கடை இடைவெளி விட்டு இன்னொரு ஷீட் அடிச்சா நடுவுல நிக்கிற காத்தே போர்வை மாதிரி, இழப்பு 10 யூனிட் பக்கம் வந்துரும், மிச்சத்தை மண்ணு குடுத்துரும். ரெண்டு ஷீட்டும் ஒட்டிக்கிட்டா பிரயோசனம் இல்ல.

டிரம்முக்குக் கருப்பு பெயிண்ட் அடிச்சு வடக்குச் சுவரை ஒட்டி வைக்கணும், மார்கழி தையில வெயில் தெக்க சாஞ்சு வரும்ல, நேரா டிரம் மேல விழும். மூடியை இறுக்கி மூடணும், இல்லேன்னா பகல்ல சேர்ற சூட்டுல ஒரு பங்கு ஆவியாப் போறதுக்கே செலவாயிரும். ஒரே பெரிய தொட்டியை விட தனித்தனி டிரம், கேன் நல்லது, காத்து படுற பரப்பு ஜாஸ்தி. மண்ணையும் காலையிலயே நனைச்சு விட்டுரணும், ஈர மண்ணு காஞ்ச மண்ணை விட சூட்டை நல்லா உள்ள இழுக்கும். கதவை வெயில் இறங்குறதுக்கு முன்னாடி, மூணு மூணரைக்கே சாத்தணும். சித்தப்பா ஆறு மணிக்கு விளக்கு வைக்கிற நேரத்துலதான் சாத்திக்கிட்டு இருந்தாரு, அதுக்குள்ள பாதி சூடு போயிரும்.

புதுச் சாணியும் வைக்கோலும் கலந்து இடுப்பளவு குவிச்சா நுண்ணுயிர் வேலை செஞ்சு உள்ள 50, 60 டிகிரி வரைக்கும் ஏறும், அதுவும் கரண்ட் இல்லாத ஹீட்டர்தான், ஆனா நாத்துப் பக்கத்துல வச்சா அம்மோனியா வாடை இலையைக் கருக்கும், தள்ளி வைக்கணும். கரி அடுப்பு மட்டும் வேணவே வேணாம். மூடுன இடத்துல கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்து, பார்க்கப் போற ஆளு உசுருக்கே ஆபத்து, அந்தப் புகையில வர்ற எத்திலீன்ங்கிற வாயு செடிக்கும் ஆகாது.

இப்ப டிரம் அஞ்சும் வாங்கி வச்சாச்சு. கார்த்திகைக்குள்ள ரெண்டாவது ஷீட் அடிக்கணும், ரெண்டு தெர்மாமீட்டர் வாங்கி ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள நாத்து உசரத்துலயே தொங்க விடச் சொல்லியிருக்கேன், தலை உசரத்துல வச்சா மேல நிக்கிற வெதுவெதுப்பைக் காட்டி ஏமாத்திரும்.