ஒரே அளவு வீடு, வேறு வேறு கவுன்சில் டாக்ஸ்: பேண்டும் பாரிஷும் போடும் கணக்கு

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ பல வருடம் இருந்துவிட்டு, மில்டன் கீன்ஸ் பக்கம் வீடு வாங்கிக் குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அங்கே முதல் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி) பில்லைப் பிரித்தால், லண்டனில் பார்த்தே இராத ஒரு வரிசை அதில் இருக்கும். கவுன்சில், போலீஸ், தீயணைப்பு என்று வரும் பெயர்களோடு ஒரு பாரிஷ் கவுன்சில் அல்லது டவுன் கவுன்சிலின் பெயர், அதற்கு எதிரே ஒரு தொகை. பக்கத்துத் தெருவில் இருக்கும் நண்பரிடம் கேட்டால் அவர் வேறு தொகை சொல்வார். வீடு ஒரே மாதிரி, பேண்டும் (வீட்டு மதிப்பை வைத்துப் பிரித்த வரிப் படி) ஒன்றுதான். நடுவில் பாரிஷ் எல்லை போகிறது, அவ்வளவுதான்.

பாரிஷ் என்றதும் தேவாலயப் பங்கு நினைவுக்கு வரலாம். பழைய காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. 1894-இல் வந்த சட்டம், தேவாலயத்தோடு சம்பந்தமில்லாத, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களை இங்கிலாந்தில் உருவாக்கியது. நம் ஊராட்சி போல உள்ளாட்சியின் கடைசிப் படி அது. இன்று ஏறத்தாழ 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. பெயர்தான் வேறு, சட்டப்படி இரண்டும் ஒன்று. மில்டன் கீன்ஸ் முழுவதுமே பாரிஷ்களாகப் பிரிக்கப்பட்டது. லண்டனில் இருக்கும் ஒரே பாரிஷ், வெஸ்ட்மின்ஸ்டரில் 2014-இல் தொடங்கிய குயின்ஸ் பார்க் மட்டும்தான். லண்டன்வாசிகளுக்கு இந்த வரிசை புதிதாகத் தெரிவது அதனால்தான்.

சரி, பில்லில் இருக்கும் தொகை எப்படி வருகிறது? இரண்டு தனித்தனி விஷயங்கள் அதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் வீடு எந்த பேண்டில் இருக்கிறது என்பது ஒன்று. அது எந்தெந்த அமைப்புகளின் எல்லைக்குள் வருகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பேண்டு தப்பென்று வீணாக மனுப்போடுகிறவர்கள் உண்டு. பேண்டு உண்மையிலேயே தப்பாக இருந்தும் "ஊரே அப்படித்தான்" என்று வருடக்கணக்கில் கூடுதலாகக் கட்டுகிறவர்களும் உண்டு.

முதலில் பேண்டு. இங்கிலாந்தில் ஏ முதல் ஹெச் வரை எட்டு பேண்டுகள். உங்கள் வீட்டின் இன்றைய விலைக்கும் பேண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. 1991 ஏப்ரல் 1 அன்று விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு. அன்று 40,000 பவுண்டு வரை என்றால் ஏ. 52,000 வரை பி, 68,000 வரை சி, 88,000 வரை டி, 120,000 வரை ஈ, 160,000 வரை எஃப், 320,000 வரை ஜி, அதற்கு மேல் ஹெச். போன வருடம் கட்டிய புது வீட்டுக்கும் இதே 1991 விலையைத்தான் கற்பனையாகப் போடுகிறார்கள்.

ஏன் 1991? தலைக்கு இவ்வளவு என்று மார்கரெட் தாட்சர் அரசு 1990-இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த போல் டாக்ஸை மக்கள் ஏற்கவில்லை. டிராஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. அந்த வருட முடிவுக்குள் தாட்சரும் பதவி விலகினார். அதற்கு மாற்றாக அவசர அவசரமாக அமைக்கப்பட்டு 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததுதான் கவுன்சில் டாக்ஸ். கோடிக்கணக்கான வீடுகளைக் குறுகிய காலத்தில் மதிப்பிட வேண்டியிருந்ததால், பல தெருக்களில் மதிப்பீட்டாளர்கள் காரில் மெதுவாகப் போய்க்கொண்டே வெளியிலிருந்து பார்த்து பேண்டு எழுதினார்கள். அந்தப் பட்டியல்தான் இன்றும் இங்கிலாந்தில் அடிப்படை. வேல்ஸ் 2003 விலையை வைத்து மறுமதிப்பீடு செய்து, ஐ என்று ஒன்பதாவது பேண்டையும் சேர்த்து 2005-இல் அமல்படுத்தியது. இங்கிலாந்தில் எந்த அரசும் அந்த வேலையை இன்னும் செய்து முடிக்கவில்லை. இந்த வரியின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. 1991-க்குப் பிறகு சில ஊர்களில் வீட்டு விலை எங்கேயோ போய்விட்டது, சில ஊர்களில் அவ்வளவு ஏறவில்லை. பேண்டுக்கு இது எதுவும் தெரியாது.

பேண்டு முடிவு செய்வது ஒரு விகிதத்தை மட்டும். டி பேண்டை ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ ஆறு, பி ஏழு, சி எட்டு, ஈ பதினொன்று, எஃப் பதின்மூன்று, ஜி பதினைந்து, ஹெச் பதினெட்டு. இங்கிலாந்து முழுக்க இந்த விகிதம் ஒன்றே. எந்தக் கவுன்சிலும் மாற்ற முடியாது. ஹெச் வீடு ஏ வீட்டைப் போல மூன்று மடங்கு கட்டும். ஆனால் 1991 கணக்கிலேயே ஹெச் வீட்டின் விலை குறைந்தது எட்டு மடங்கு. விலை கூடிய வீடுகளுக்கு இந்த வரி லேசாகவும் சின்ன வீடுகளுக்குக் கனமாகவும் விழுவது இதனால்தான். 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளுக்கு 2028 ஏப்ரலிலிருந்து தனியாகக் கூடுதல் வரி வரும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அப்போதும் பழைய பேண்டுகள் அப்படியே இருக்கும்.

இப்போது இடம். கவுன்டி கவுன்சில், அதற்குள் சிறிய பகுதிக்கான டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் (சில இடங்களில் இரண்டு வேலையையும் செய்யும் ஒரே யூனிட்டரி கவுன்சில்), போலீஸ், தீயணைப்பு, பாரிஷ் என்று ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு வருடமும் தனக்கு வேண்டிய தொகையை முடிவு செய்கிறது. பில் அனுப்பும் கவுன்சில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே பில்லாகத் தருகிறது. பாரிஷ் இப்படிக் கேட்கும் தொகைக்கு பிரிசெப்ட் என்று பெயர்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு டிஸ்ட்ரிக்டில் பாரிஷ் தவிர்த்த எல்லாம் சேர்ந்து டி பேண்டுக்கு 2,160 பவுண்டு. அதற்குள் இரண்டு பாரிஷ்கள், இரண்டுமே வருடத்துக்கு 60,000 பவுண்டு கேட்கின்றன. ஒன்றில் டி பேண்டுக்குச் சமமாக 1,200 வீடுகள். வகுத்தால் 50 பவுண்டு. மற்றதில் 400 மட்டும், 150 பவுண்டு. ஆக டி பேண்டு வீட்டுக்கு முதல் ஊரில் 2,210, இரண்டாவதில் 2,310. ஜி பேண்டு வீடானால் 3,683 பவுண்டும் 3,850 பவுண்டும். செலவு ஒன்றுதான், அதைப் பகிர்ந்துகொள்ளும் தோள்கள் குறைவு.

டி பேண்டுக்குச் சமமான வீடுகள் என்று சொன்னேன் இல்லையா, விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. 300 வீடுகளும் ஏ பேண்டில் இருக்கும் ஒரு ஊர், கணக்கில் 200 டி வீடுகளுக்குச் சமம். 300 வீடுகளும் ஜி பேண்டில் இருக்கும் ஊர் 500-க்குச் சமம். இரண்டு ஊரும் 20,000 பவுண்டு கேட்டால், முதல் ஊரில் டி பேண்டு விலை 100 பவுண்டு, இரண்டாவதில் 40. இப்போது விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் ஊரில் ஏ வீடு கட்டுவது 66 பவுண்டு 67 பென்ஸ். இரண்டாவது ஊரில் ஜி வீடு கட்டுவதும் அதே 66 பவுண்டு 67 பென்ஸ். சின்ன வீடுகள் மட்டும் இருக்கும் ஊரில், பேண்டு தரவேண்டிய சலுகை கரைந்துபோகிறது. இதைப் புரிந்துகொண்டால், "நான் ஏ பேண்டுதானே, ஏன் இவ்வளவு?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பெரிய கவுன்சில்களுக்கும் இதே கணக்குத்தான். வடகிழக்கு இங்கிலாந்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் ஏ பேண்டு. அங்கே ஒரு கவுன்சில் அதே அளவு பணம் திரட்ட, டி பேண்டு விலையை மேலே வைத்தாக வேண்டும். 2024-25-இல் வெஸ்ட்மின்ஸ்டரிலும் வான்ட்ஸ்வொர்த்திலும் டி பேண்டு 1,000 பவுண்டுக்கும் குறைவு. நாட்டிங்ஹாமிலும் ரட்லாண்டிலும் 2,500-க்கு மேல். இங்கிலாந்தின் சராசரி 2,171 பவுண்டு. அடுத்த வருடம் அது 2,280 ஆனது. வீடுகளின் கலவை இதற்கு ஒரு காரணம் மட்டுமே. மத்திய அரசு தரும் மானியம், பார்க்கிங் போன்ற மற்ற வருமானம், முதியோர் பராமரிப்புச் செலவு எல்லாம் சேர்ந்துதான் இந்த இடைவெளி.

பாரிஷ் தொகை சின்னதுதானே என்று விட்டுவிடத் தோன்றும். நான் விடச் சொல்லமாட்டேன். பெரிய கவுன்சில்கள் ஒரு வரம்புக்கு மேல் வரியை ஏற்ற நினைத்தால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். முதியோர் பராமரிப்புப் பொறுப்புள்ள பெரும்பாலான கவுன்சில்களுக்கு அண்மை ஆண்டுகளில் அந்த வரம்பு 5 சதவீதம். பாரிஷ்களுக்கு அப்படி எந்த வரம்பும் இதுவரை இல்லை. பணமில்லாமல் தவிக்கும் பெரிய கவுன்சில் பூங்கா, பொதுக் கழிப்பறை போன்றவற்றைக் கைவிடும்போது பாரிஷ் அதை எடுத்து நடத்துகிறது, செலவும் கூடவே போகிறது. சாமர்செட்டில் நடந்தது இதுதான். 2023-இல் டிஸ்ட்ரிக்ட்களைக் கலைத்து ஒரே கவுன்சிலாக்கினார்கள். அந்த வருடமே அது நிதி நெருக்கடியை அறிவித்தது. 2024-இல் அங்கிருக்கும் டான்டன் டவுன் கவுன்சிலின் பங்கு இருமடங்குக்கும் மேலே போனது. அதைக் கொடுத்து மக்கள் காப்பாற்றிக்கொண்டது, மூடப்பட இருந்த உள்ளூர்ச் சேவைகளை. அதனால் பாரிஷ் தொகை ஏறினாலே அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. எதை எடுத்து நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாரிஷ் இல்லாத இடங்களில் தொகையே இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். சில ஊர்களில் பாரிஷ் செய்யும் வேலையை டிஸ்ட்ரிக்டே நேரடியாகச் செய்யும்; அதற்கு அந்தப் பகுதி மக்களிடம் மட்டும் சிறப்புச் செலவு என்று தனியாக வாங்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை என்ன? பேண்டு தப்பென்று தோன்றினால், அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு உங்கள் தெருவின் எல்லா வீடுகளின் பேண்டையும் பார்க்கலாம், இலவசம். அச்சாக உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் கீழ் பேண்டில் இருந்தால் அது நல்ல ஆதாரம். விண்ணப்பம் போக வேண்டியது கவுன்சிலுக்கு அல்ல, பேண்டை முடிவு செய்யும் வேல்யுவேஷன் ஆபீஸுக்கு. நீங்கள் வரி கட்டத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் முறைப்படி எதிர்க்கும் உரிமை உண்டு. பிறகென்றால் ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: ஆராய்ந்துவிட்டு பேண்டை ஏற்றவும் செய்வார்கள், பக்கத்து வீட்டையும் சேர்த்து ஏற்றக்கூடும். இன்னொன்று, பின்பக்கம் அறை கட்டி வீட்டைப் பெரிதாக்கினால் உடனே பேண்டு மாறாது. வீடு கைமாறும்போதுதான் மாறும். பெரிதாக்கிய வீட்டை வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

சலுகைகள் மொத்த பில்லுக்கும் பொருந்தும், பாரிஷ் பங்கு உட்பட. வீட்டில் பெரியவர் ஒருவரே என்றால் 25 சதவீதம் குறையும். முழுநேர மாணவர்கள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். மறதி நோய் போன்ற கடுமையான மனநலக் குறைபாடு உள்ளவரையும், டாக்டர் சான்றிதழும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற உதவித்தொகைக்குத் தகுதியும் இருந்தால், எண்ண மாட்டார்கள். அப்படிப்பட்ட குறைபாடுள்ள விதவைத் தாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மகளோ மகனோ வேறு பெரியவர் இல்லாத வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கும் 25 சதவீதம் குறையும். அதேபோல, உடல் ஊனமுற்றவருக்காகக் கூடுதல் குளியலறையோ, வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓட்ட இடமோ இருந்தால் பில் ஒரு பேண்டு கீழே கணக்கிடப்படும். ஏ பேண்டுக்கும் ஒரு பங்கு குறையும். இவை தானாக வராது, கேட்டால்தான் வரும். நம் குடும்பங்களில் கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பாரிஷ் பங்கைப் பற்றிக் கேட்க வேண்டிய காலம் மார்ச் அல்ல. பில் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பெரும்பாலான பாரிஷ்கள் அடுத்த வருடத் தொகையை நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் முடிவு செய்கின்றன. அந்தக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. பெரும்பாலும் சமூகக்கூடத்தில் பத்துப் பதினைந்து நாற்காலிகள் போட்டு நடக்கும், பாதி காலியாகவே இருக்கும். தேதியை பாரிஷ் கிளார்க்கிடம் கேட்டால் சொல்வார். கோடையில் முப்பது வேலைநாள்கள், ஜூலையின் முதல் பத்து வேலைநாள்கள் உட்பட, பாரிஷின் கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் அந்த ஊரில் வரி கட்டுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். அறிவிப்பு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பலகையிலும் பாரிஷ் இணையதளத்திலும் வந்திருக்கும்.