தினமும் குளிப்பாட்டினால் உண்ணி போகாது

"டெய்லி குளிப்பாட்டுறோம் டாக்டர், அப்படியும் உண்ணி வருது." இந்த வாக்கியம் காதில் விழாத நாளே இல்லை. கூட வந்த லாப்ரடார் நாயின் முடி தேங்காய் நார் மாதிரி வறண்டிருக்கும். வயிற்றில் பொடுகு உதிரும். காதுமடலைப் புரட்டினால் பட்டாணி அளவில் சாம்பல் நிற உண்ணி ஒன்று நிதானமாக ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். என்ன போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள் என்றால் தயங்காமல் பதில் வரும்: வீட்டில் காயம் பட்டால் ஊற்றுவோமே, அந்தக் கிருமிநாசினி. கூடுதலாகவே ஒரு மூடி.

கிருமிநாசினி கிருமியைக் கொல்லும். உண்ணி கிருமி இல்லை. சிலந்தி, தேள் வகையறா. பக்கெட் தண்ணீரில் போட்டாலும் சீக்கிரம் சாகாது. அந்தத் திரவத்தால் எரிவது நாயின் தோல்தான். நம் தோல் அமிலத்தன்மை உள்ளது, பி.எச். ஏறக்குறைய 5.5. நாயுடையது நடுநிலையை ஒட்டி, 7 பக்கம். மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. குழந்தை சோப்பானாலும் மனிதச் சோப்பு மனிதருக்குத்தான்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் நாய்மேல் பார்ப்பது உங்கள் வீட்டு உண்ணிகளில் கொஞ்சம்தான். மீதி சுவரில் இருக்கிறது. நம் ஊர் நாய்களில் அதிகம் ஏறும் பழுப்பு உண்ணி, குஞ்சாக ஒருமுறை, இளசாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என மூன்று தடவை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்ததும் கீழே உதிர்ந்துவிடும். பெண் உண்ணி சுவர் விரிசல், கதவு நிலை இடுக்கு, கூண்டின் பலகைச் சந்து என்று ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் பட்டினியாகவே பல மாதம் காத்திருக்கும். நாயைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு அதே மூலையில் படுக்க வைத்தால் என்ன ஆகும்?

இதில் வேடிக்கை, முதுகில் விடும் உண்ணி மருந்துகளில் பல தோலின் எண்ணெய்ப் பசையோடுதான் உடல் முழுக்கப் பரவும். தினமும் ஷாம்பூ போட்டு அந்தப் பசையை நீங்களே கழுவிவிடுகிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய மருந்து சாக்கடைக்குப் போகிறது. மருந்து விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளியல் கூடாது. தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை விலக்கி, தோலில் படும்படி விடுங்கள். முடிமேல் விட்டுப் பயனில்லை. குளிப்பாட்டாமல் இருக்க மனசு கேட்காது என்பவர்கள் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். அது ரத்தத்தில் வேலை செய்வது, தண்ணீர் பட்டால் போகாது. வலிப்பு வரும் நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மண்ணெண்ணெய் மட்டும் தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோவது ஒருபக்கம், நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. உண்ணியைக் கையால் நசுக்கவும் வேண்டாம். மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடி: தினமும் இந்த நான்கு இடங்களைப் பார்த்தால் போதும், தினக்குளியலே தேவையில்லை.

குட்டைமுடி நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் தாராளம். ஷிட்சு மாதிரி நீளமுடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆனால் சீப்பு தினமும். குளிக்கும் முன்பே சிக்கெடுங்கள், ஈரம் பட்டால் சிக்கு இன்னும் இறுகிவிடும். நாய் ஷாம்பூவை ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். மருந்து ஷாம்பூ என்றால் 10 நிமிடம் கடிகாரம் பார்த்து ஊறவிட வேண்டும், நுரை வந்ததும் கழுவுவது வீண். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நுரை தங்கும், தண்ணீர் தெளிவாக வழியும்வரை அலசுங்கள். பிறகு அடிமுடிவரை உலர்த்துங்கள். மேலாகத் துடைத்து விட்டுவிட்டால் உள்ளே புழுங்கி, மறுநாளே சொதசொதவென்று புண் வைக்கும்.

காதுக்குள் பட்ஸ் விடுகிறவர்களுக்கு: நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்துபோல் வளைந்து போகிறது. பட்ஸ் அழுக்கை வெளியே எடுக்காது, வளைவில் கொண்டுபோய் இடித்து வைக்கும். காது சுத்தம் செய்யும் திரவத்தை விட்டு, அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்து, நாய் தலையை உதறியபின் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் பஞ்சால் துடையுங்கள். நாற்றமோ கருஞ்சிவப்புக் கசடோ இருந்தால் அதுவும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் உள்ளே விடலாம்.

நகத்தில் எல்லோரும் மறப்பது முன்காலில் தரை தொடாத அந்தக் கட்டை விரலை. தேயாமல் வளைந்து சதைக்குள்ளேயே குத்திவிடும். கருப்பு நகமானால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

உண்ணி ஏறிய நாய் சாப்பாட்டை ஒதுக்கிக் காய்ச்சலோடு படுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், ஈறு வெளுத்தால், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். குளிப்பாட்டிச் சுத்தமாகக் கூட்டி வரலாம் என்று அரைநாள் தாமதிக்காதீர்கள். அழுக்கோடே கூட்டி வாருங்கள்.