சிறுநீர்ப்பை நிறைந்தால் தலை ஏன் வலிக்கிறது?

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் அண்ணனைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை கொட்டுகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை. வீட்டில் திருஷ்டி கழித்தும் நிற்கவில்லையாம்.

இது ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்லெக்சியாவாக (தானியங்கு நரம்புகள் கட்டுமீறி பிபி எகிறும் நிலை) இருக்கலாம். தண்டுவடத்தின் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது) பிரிவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும். பெரும்பாலும் இதைத் தூண்டிவிடுவது நிறைந்துபோன சிறுநீர்ப்பை.

அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் செத்துப்போய்விடுவதில்லை. மூளையின் கட்டுப்பாடு இல்லாமல், தன் போக்கில் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சிறுநீர்ப்பை விரிந்ததும் நரம்புச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழைகிறது. மேலே போக வழியில்லை. ஆனால் போகும் வழியிலேயே பரிவு நரம்புகளை (ரத்தக்குழாய்களை இறுக்கும் தானியங்கு நரம்புகள்) தட்டி எழுப்பிவிடுகிறது. அவை குடல், கல்லீரல், மண்ணீரல் பகுதி ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. உடலின் ரத்தத்தில் கணிசமான பங்கு தங்கும் இடம் அது. அங்கிருந்து பிழியப்பட்ட ரத்தம் மேலே தள்ளப்பட, பிபி எகிறுகிறது.

இனிதான் எனக்கு வியப்பு அடங்காத பகுதி. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் உடனே மூளைக்குத் தகவல் தருகின்றன. மூளை இரண்டு கட்டளைகள் இடுகிறது. ஒன்று, இதயத்துக்கு: மெதுவாகத் துடி. இது மூளையிலிருந்து நேரே இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகப் போகிறது; வேகஸ் தண்டுவடத்துக்குள் நுழைவதே இல்லை என்பதால் கட்டளை போய்ச் சேர்ந்து நாடி குறைகிறது. மற்றொன்று, ரத்தக்குழாய்களுக்கு: தளருங்கள். இது தண்டுவடம் வழியாகத்தான் இறங்க வேண்டும். காயத்துக்கு மேலே உள்ள குழாய்கள் கேட்டுக்கொள்கின்றன. முகம் சிவப்பதும் மூக்கடைப்பதும் அதனால்தான். கீழே கட்டளை எட்டுவதில்லை. அங்கே தோல் வெளிறி, மயிர்க்கூச்செறிந்து, குழாய்கள் இறுகியபடியே இருக்கின்றன. ஒரே உடலில் இரண்டு ஆட்சி! சிறுநீர்ப்பை காலியாகும்வரை இது ஓயாது. முற்றினால் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு, மரணம்வரை போகும்.

வந்தவுடன் நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள். படுக்க வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தலைக்கு ஏறும் அழுத்தம் அதில் கூடும். பெல்ட், இறுக்கமான துணி, யூரின் பையின் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர் வடியும் டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா பாருங்கள். அடைத்திருந்தால் பயிற்சி பெற்றவர் 10–15 மி.லி. வெதுவெதுப்பான சலைன் விட்டுப் பார்க்கலாம். வராவிட்டால் டியூபை மாற்ற வேண்டும். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். சிறுநீர்ப்பையில் குறையில்லை என்றால் அடுத்தது மலச்சிக்கல். அதையும் ஆசனவாயில் மரக்கச் செய்யும் லிக்னோகெயின் ஜெல் தடவி, சில நிமிடம் மரத்த பிறகே விரலால் பார்க்க வேண்டும். விரல் படுவதே புதிய தூண்டலாகிவிடும். பிறகு படுக்கைப்புண், உள்வளர்ந்த கால்நகம், ஷூவுக்குள் சுருண்ட சாக்ஸ். இதற்கிடையே 2–5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார்த்துக்கொண்டே இருங்கள். மேல் அளவு 150-க்குக் கீழே வராவிட்டாலோ, அவருடைய வழக்கமான அளவுக்குத் திரும்பாவிட்டாலோ மருத்துவமனைதான்.

பலரும் இந்த பயத்திலேயே வெளியே போவதை நிறுத்திவிடுகிறார்கள். போனாலும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் தொற்றும் கல்லும் வரும்; அவையும் இதைத் தூண்டும். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தண்டுவடக் காயமடைந்த 681 பேரிடம் எது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்கள். கை கால் இரண்டும் செயலிழந்தவர்கள் கையைச் சொன்னார்கள், கால் மட்டும் செயலிழந்தவர்கள் பாலுறவைச் சொன்னார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு தரப்புக்கும் முக்கியமாக இருந்தது. நடக்கவைக்கும் ரோபோ உடைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது சிறுநீர்ப்பை ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் இன்றே ஒரு அட்டை எழுதி அண்ணனின் சட்டைப்பையில் வைக்கட்டும். காயத்தின் மட்டம், நோயின் பெயர், அவருடைய வழக்கமான பிபி மூன்றும் அதில் இருக்க வேண்டும். கழுத்துக் காயக்காரர்களுக்கு மேல் அளவு 90–110 இருப்பதே இயல்பு. அவசரப் பிரிவில் 140 என்று பார்ப்பவர் சாதாரணம் என்று விட்டுவிடக்கூடும். வழக்கத்தைவிட 20–40 கூடினாலே இவர்களுக்கு ஆபத்து. வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால், எப்போது போட்டார் என்பதையும் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதன்மேல், பிபியைக் குறைக்க ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்து கொடுத்தால் பிபி தடாலென்று சரியும்.