சன்ஷேட் நாலு பக்கமும் ஏன் இரண்டடி?

சென்னையில் பெரும்பாலான வீடுகளில் எந்தத் திசை ஜன்னலுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருப்பது அதே இரண்டடி சன்ஷேட்தான். வெயிலைத் தடுக்கும் கட்டடம் வரையக் கற்பவர் முதலில் சரிபார்க்க வேண்டிய கணக்கு இது.

சுவரின் குறுக்குவெட்டுப் படத்தில் சூரியக் கதிர் கிடைமட்டத்தோடு சேரும் கோணத்தை நிழல் கோணம் என்போம். சன்ஷேட்டின் நீட்டத்தை இதன் டேன் (முக்கோணவியலின் tan) மதிப்பால் பெருக்கினால், நிழல் எத்தனை அடி இறங்கும் என்பது கிடைக்கும்.

சென்னையின் அட்சரேகை 13 டிகிரி. டிசம்பர் 21 நண்பகலில் தெற்குச் சுவருக்கு நிழல் கோணம் சுமார் 53.5 டிகிரி; இரண்டடி சன்ஷேட் 2.7 அடி நிழல் தரும். நாலடி ஜன்னலின் அடியில் கொஞ்சம் வெயில் விழும். மார்கழியில் அது தொல்லையில்லை. மார்ச் 21 அன்று அதே சுவருக்குக் காலை முதல் மாலை வரை 77 டிகிரி, ஜன்னல் முழுக்க நிழலில் இருக்கும்.

சிக்கல் மேற்கில். அதே மார்ச் 21, மாலை 4 மணி: நிழல் கோணம் 29 டிகிரிதான். நிழல் 1.1 அடியோடு நின்றுவிடும், மீதி ஏறக்குறைய மூன்றடியும் வெயில். முழுதும் மறைக்க ஏழடி சன்ஷேட் வேண்டும். அதை யார் கட்டுவார்? ஜன்னலின் பக்கவாட்டில் சுவருக்குச் செங்குத்தாக நிறுத்தும் தடுப்புப் பலகைகளான ஃபின்களும் அந்நேரம் உதவாது, சூரியன் ஏறக்குறைய நேர் எதிரே நிற்கும். ஆகவே மேற்குக்கான தீர்வு பிளானிலேயே இருக்க வேண்டும்: மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர் ரூம் அந்தப் பக்கம் போகட்டும், ஜன்னல் சிறிதாகட்டும்.

வடக்கில் வெயிலே வராது என்று நம்பிவிடக் கூடாது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஜூன் 21 மாலை 4 மணி வரை இரண்டடி சன்ஷேட் ஓரளவு தாங்கும். பிறகு பக்கவாட்டில் வரும் வெயிலுக்கு இங்கே ஃபின் பயன்படும்.

புதியவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். சூரியனின் உயரக் கோணத்தையே, அதாவது அடிவானத்திலிருந்து அது நிற்கும் கோணத்தையே, நிழல் கோணமாகப் போடுவது ஒன்று. டிசம்பர் 21 காலை 9 மணிக்கு உயரம் 33 டிகிரி, தெற்குச் சுவரின் நிழல் கோணமோ 45. அடுத்தது, இந்த மணிகளெல்லாம் சூரிய நேரம், அதாவது சூரியன் அன்றைய உச்சத்தில் இருப்பதை 12 மணியாகக் கொள்ளும் நேரம், என்பதை மறப்பது. மார்ச் 21 அன்று சென்னையில் சூரிய நண்பகல் கடிகாரத்தில் சுமார் 12.16.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் மேற்கு ஜன்னல் பெரிதாக இருந்தால், மூங்கில் தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட வேண்டும். உள்ளே திரை போட்டால் கண் கூச்சம் மட்டும்தான் குறையும். வெப்பத்தின் பெரும்பகுதி அதற்குள் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்திருக்கும்.